இரைப்பைப் புற்றுநோய் பரவியதை ரத்தத்தின் அழற்சிக் குறியீடுகள் சொல்லுமா?

மருத்துவக் கேள்வி பதில்

கேள்வி: என் தந்தைக்கு வயது 58. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்று சில மாதங்களாகச் சொல்லிவந்தார், எடையும் குறைந்தது. எண்டோஸ்கோப்பியும் பயாப்ஸியும் செய்து இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் இருப்பதை உறுதி செய்தார்கள். சி.டி. ஸ்கேனில் கல்லீரலிலோ நுரையீரலிலோ பரவல் தெரியவில்லை. ஆனால் ரத்த அறிக்கையைப் பார்த்த உறவினர் ஒருவர், வெள்ளையணு வகைகளான நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் ஆகியவற்றில் முன்னதன் எண்ணிக்கையைப் பின்னதன் எண்ணிக்கையால் வகுத்தால் ஐந்துக்கு மேல் வருகிறது, மூன்றைத் தாண்டினாலே நோய் பரவிவிட்டது என்றுதான் பொருள், இனி அறுவை சிகிச்சை வீண் என்கிறார். மருத்துவரோ முதலில் லேப்பராஸ்கோப்பி (வயிற்றுக்குள் கேமராவை விட்டுப் பார்ப்பது) செய்து பார்க்க வேண்டும் என்கிறார். அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன். யார் சொல்வதை நாங்கள் கேட்பது?

— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள், லேப்பராஸ்கோப்பியைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் உறவினர் போட்ட வகுத்தல் கணக்கு சரியானது. அதிலிருந்து அவர் எடுத்த முடிவு தவறானது, அதிலும் ஒரு நோயாளியின் சிகிச்சை வாய்ப்பையே பறித்துவிடக்கூடிய தவறு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அறிக்கையைப் பார்ப்போம். மொத்த வெள்ளையணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 9,800. அவற்றில் நியூட்ரோஃபில் 78 சதவீதம், லிம்ஃபோசைட் 14 சதவீதம். அதாவது 7,644 நியூட்ரோஃபில்களும் 1,372 லிம்ஃபோசைட்டுகளும் உள்ளன. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 5.6 வருகிறது. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இந்த விகிதம் ஏறத்தாழ ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்கும். தட்டணுக்கள் 4.6 லட்சம்; அதையும் லிம்ஃபோசைட்டால் வகுத்தால் 335. அழற்சியின்போது ஏறும் புரதமான சி.ஆர்.பி. லிட்டருக்கு 24 மில்லிகிராம், அல்புமின் என்னும் ரத்தப் புரதம் டெசிலிட்டருக்கு 3.2 கிராம், ஹீமோகுளோபின் 9.2. சி.ஆர்.பி. 10-ஐத் தாண்டினால் ஒரு புள்ளி, அல்புமின் 3.5-க்குக் கீழே இறங்கினால் இன்னொரு புள்ளி என்று கணக்கிடும் ஒரு முறையை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் 2003-இல் நுரையீரல் புற்றுநோய்க்காக வகுத்தார்கள். பின்னர் இரைப்பை உள்ளிட்ட பிற புற்றுநோய்களுக்கும் அது பயன்படத் தொடங்கியது. அந்தக் கணக்கில் உங்கள் தந்தைக்கு இரண்டு புள்ளிகள், அதாவது உச்சம். ஆக, அவருடைய உடலில் அழற்சி மிகுந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. அந்த அழற்சி எங்கிருந்து வருகிறது, எதைக் குறிக்கிறது என்பதுதான் கேள்வி.

புற்றுநோய்க்கும் அழற்சிக்கும் உள்ள உறவு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்கோ 1863-இலேயே புற்றுக் கட்டிகளுக்குள் வெள்ளையணுக்கள் குவிந்திருப்பதைக் கண்டு, நாள்பட்ட அழற்சி உள்ள இடங்களில்தான் புற்று தோன்றுகிறது என்று கருதினார். அமெரிக்க நோயியல் மருத்துவர் ஹரால்டு ட்வோராக் 1986-இல் எழுதிய கட்டுரையொன்றில் புற்றுக்கட்டிகளை ஆறாத புண்கள் என்றே அழைத்தார். காயம் பட்ட இடத்தை ஆற்றுவதற்கு உடல் அனுப்பும் அணுக்களையும் வேதிப்பொருள்களையும் புற்றுக்கட்டி விடாமல் வரவழைத்துக்கொண்டே இருக்கிறது என்பது அவர் கண்டது.

அப்படி வெளிப்படும் வேதிப்பொருள்களில் முக்கியமான ஒன்று இன்டர்லூகின்-6. கட்டியும் அதைச் சுற்றியுள்ள அணுக்களும் வெளியிடும் இந்தப் புரதம் ரத்தத்தின் வழியே கல்லீரலை அடைந்தவுடன், கல்லீரல் தன் உற்பத்தி முறையையே மாற்றிக்கொள்கிறது: சி.ஆர்.பி.யும் ஃபைப்ரினோஜனும் கூடுகின்றன, அல்புமின் குறைகிறது, தட்டணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனும் அதிகரிக்கிறது. கட்டியிலிருந்து வரும் வேறு சில சைகைகள் எலும்பு மஜ்ஜையை உசுப்பி நியூட்ரோஃபில்களைக் கூடுதலாக வெளியேற்றச் செய்கின்றன. இவையெல்லாம் நிகழும்போது லிம்ஃபோசைட்டுகளின் எண்ணிக்கை பெரும்பாலும் சரிகிறது. உங்கள் கையில் உள்ள அறிக்கையில் தெரியும் எல்லா மாற்றங்களுக்கும் இந்த ஒரே தொடரில் இடம் உண்டு.

இந்த அணுக்கள் பரவலுக்குத் துணைபோகின்றன என்பதற்கும் ஆய்வகச் சான்றுகள் இருக்கின்றன. புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கத் தூண்டும் பொருள்களையும், திசுக்களின் இணைப்பைக் கரைக்கும் நொதிகளையும் நியூட்ரோஃபில்கள் வெளியிடுகின்றன. கிருமிகளைப் பிடிப்பதற்காக அவை தம் மரபணுப் பொருளையே வலைபோல வீசும் என்பது 2004-இல் பெர்லினில் கண்டறியப்பட்டது. ரத்தத்தில் திரியும் புற்றணுக்களும் அந்த வலையில் ஒட்டிக்கொண்டு புதிய இடத்தில் தங்கிவிடக்கூடும் என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின. தட்டணுக்களோ ரத்தத்தில் மிதக்கும் புற்றணுவைச் சூழ்ந்து ஒட்டிக்கொண்டு, அதைக் கொல்ல வரும் தற்காப்பு அணுக்களின் கண்ணில் படாமல் காக்கின்றன. புற்றணுவை அடையாளம் கண்டு அழிக்க வேண்டிய படையோ லிம்ஃபோசைட்டுகள்தாம். எனவே விகிதத்தில் மேலே உள்ள நியூட்ரோஃபில் உயர்ந்து, வகுக்கும் லிம்ஃபோசைட் தாழ்ந்தால், நோய்க்குச் சாதகமான சூழல் உடலில் நிலவுகிறது என்று எண்ண இடமிருக்கிறது. இந்த விகிதம் உயர்ந்திருக்கும் இரைப்பைப் புற்று நோயாளிகளை ஒரு கூட்டமாகவும், தாழ்ந்திருப்பவர்களை இன்னொரு கூட்டமாகவும் பிரித்து ஒப்பிட்டால், முதல் கூட்டத்தில் நோய் ஆழமாக ஊடுருவியவர்களும், நிணநீர் முடிச்சுகளிலோ வயிற்றறைச் சவ்விலோ பரவல் உள்ளவர்களும் அதிகமாக இருக்கிறார்கள். அவர்களின் சராசரி ஆயுட்காலமும் குறைவாக இருக்கிறது. பல நாடுகளிலிருந்து வந்த ஆய்வுகள் இந்தத் திசையில்தான் பேசுகின்றன. உங்கள் உறவினர் படித்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் கூட்டத்தைப் பற்றிய உண்மை, அக்கூட்டத்தில் நிற்கும் ஒவ்வொருவரையும் பற்றிய உண்மையாகிவிடாது. உங்கள் தந்தையின் அறிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 9.2 என்றால் கட்டியிலிருந்து மெல்ல ரத்தம் கசிந்து இரும்புச்சத்து குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். இரும்புச்சத்துக் குறைவே தட்டணுக்களை உயர்த்தும். கட்டியின் மேற்பரப்பு புண்ணாகியிருந்தாலும் அழற்சி கூடும். சளிக்காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, பல்லில் சீழ், புகைபிடித்தல், அண்மையில் போட்ட ஸ்டீராய்டு ஊசி, ஏன், கடும் வலியும் மன உளைச்சலும்கூட நியூட்ரோஃபில்களை ஏற்றியோ லிம்ஃபோசைட்டுகளை இறக்கியோ விகிதத்தை உயர்த்திவிடும். இந்த விகிதம் 2001-இல் முதன்முதலில் கவனத்துக்கு வந்தது புற்றுநோயில் அன்று. ஸ்லோவாகியாவின் பிராட்டிஸ்லாவா நகரில் ஒரு மருத்துவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ளவர்களின் உடல் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறது என்பதை அளக்கத்தான் இதை முன்வைத்தார். நெருக்கடி எதனால் என்று இந்த எண்ணுக்குத் தெரியாது.

இனி லேப்பராஸ்கோப்பிக்கு வருகிறேன். இரைப்பைப் புற்றுநோய் பரவும் இடங்கள் பல: அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகள், கல்லீரல், வயிற்றறைச் சவ்வு, இடப்பக்கக் கழுத்தெலும்புக்கு மேலுள்ள முடிச்சு, பெண்களுக்குச் சினைப்பை. இவற்றில் சி.டி. ஸ்கேனின் கண்ணில் படாமல் தப்பிவிடுவது பெரிட்டோனியம் என்னும் வயிற்றறைச் சவ்வில் நிகழும் பரவல். இரைப்பைச் சுவரைத் துளைத்து வெளியே வந்த புற்றணுக்கள் அந்தச் சவ்வின் மேல் மணல் தூவியதுபோல் ஓரிரு மில்லிமீட்டர் அளவில் படியும். அவ்வளவு சிறியவற்றைப் படத்தில் பிரித்துக் காண்பது கடினம். மயக்க மருந்து கொடுத்து, தொப்புள் அருகே சிறு துளையிட்டுக் கேமராவை உள்ளே விட்டால் அவை நேரடியாகத் தெரியும். கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும், உப்புநீரை உள்ளே விட்டு அலசி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அந்த நீரில் புற்றணு இருந்தால் அதுவே பரவல் நிலையாகக் கொள்ளப்படும். இப்பரிசோதனையில் பரவல் தெரிந்தால், இரைப்பையை அகற்றும் பெரிய அறுவை சிகிச்சையைத் தவிர்த்து முதலில் கீமோதெரபியைத் தொடங்கலாம். பரவல் இல்லையென்றால், பல இடங்களில் இன்று செய்வதுபோல் அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோதெரபி கொடுத்து நோயை முழுமையாக நீக்கும் இலக்குடன் சிகிச்சை தொடரும்.

அந்த 5.6 என்ற எண்ணுக்கு ஏதாவது பயன் உண்டா என்று கேட்டால், உண்டு. "அழற்சி இவ்வளவு அதிகமாக இருக்கிறதே, மறைந்திருக்கும் பரவலை இன்னும் கவனமாகத் தேட வேண்டும்" என்று அது நினைவூட்டும். உங்கள் மருத்துவர் லேப்பராஸ்கோப்பி வேண்டும் என்று சொன்னதன் மூலம் அதைத்தான் செய்கிறார். தேடுவதற்குக் காரணமாக வேண்டிய எண்ணை, தேடலையே கைவிடுவதற்குக் காரணமாக்கிவிடாதீர்கள்.

கேள்வி: நான் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். ரத்த அணுப் பரிசோதனை மலிவானது, எல்லா ஊரிலும் கிடைப்பது. நியூட்ரோஃபில் – லிம்ஃபோசைட் விகிதம் பரவலை முன்கூட்டிக் காட்டுவதாக இத்தனை ஆய்வுகள் வந்தும், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு எல்லை எண் கொடுக்கப்பட்டிருக்கிறதே, ஏன்? இதைச் சிகிச்சை நெறிமுறையில் சேர்க்காமல் இருப்பது எதனால்?

— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: எல்லை எண் மாறுவதற்குக் காரணம், அது எடுக்கப்படும் விதம். பெரும்பாலான ஆய்வுகள் ஒரே மருத்துவமனையில் ஏற்கெனவே சிகிச்சை பெற்ற சில நூறு பேரின் பழைய கோப்புகளைப் புரட்டிச் செய்யப்பட்டவை. அந்தக் கோப்புகளில் பரவல் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் எந்த எண் மிகச் சிறப்பாகப் பிரிக்கிறதோ, அதையே கணினி எல்லையாகக் கொடுக்கிறது. ஓரிடத்தில் 2.2, இன்னோரிடத்தில் 3, வேறோரிடத்தில் 5 என்று வருவதில் வியப்பில்லை. தன் நோயாளிகளிடமிருந்து எடுத்த எண்ணைத் தன் நோயாளிகளிடமே சோதித்துப் பார்த்தால் அது திறமையாகத்தான் தோன்றும். முன்பின் தெரியாத வேறோர் ஊர் நோயாளிகளிடம் முன்கூட்டியே எல்லையை அறிவித்துவிட்டுச் சோதித்தால்தான் அதன் உண்மையான வலிமை புலப்படும். அத்தகைய ஆய்வுகள் குறைவு. பயனில்லை என்று முடிவு வந்த ஆய்வுகள் அச்சேறுவது அதைவிடக் குறைவு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நீங்கள் ஆய்வகத்தில் இருப்பவர் என்பதால் ஒரு கற்பனைக் கணக்கைத் தருகிறேன். ஸ்கேனில் பரவல் தெரியாத ஆயிரம் நோயாளிகள் இருப்பதாகக் கொள்வோம். அவர்களில் 200 பேருக்கு வயிற்றறைச் சவ்வில் பரவல் மறைந்திருக்கிறது. பரவல் உள்ளவர்களில் 65 சதவீதம் பேருக்கு விகிதம் உயர்ந்திருக்கும், இல்லாதவர்களில் 65 சதவீதம் பேருக்குத் தாழ்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது இத்தகைய குறியீடுகளுக்கு நியாயமான மதிப்பீடுதான். அப்போது பரவல் உள்ள 200 பேரில் 130 பேருக்கு விகிதம் உயர்ந்திருக்கும். பரவல் இல்லாத 800 பேரிலும் 280 பேருக்கு உயர்ந்திருக்கும். ஆக மொத்தம் 410 பேரிடம் உயர்வு தெரிய, அவர்களில் 280 பேருக்குப் பரவலே இல்லை. தாழ்ந்த விகிதம் பெற்ற 590 பேரில் 70 பேருக்குப் பரவல் இருக்கிறது. சோதனைக்கு முன் 20 சதவீதமாக இருந்த சந்தேகம், உயர்ந்தவர்களிடம் 32 சதவீதமாக ஏறுகிறது, தாழ்ந்தவர்களிடம் 12 சதவீதமாக இறங்குகிறது. இது தகவல்தான், மறுக்கவில்லை. ஆனால் 32 சதவீதத்தை நம்பி ஒருவருக்கு அறுவை சிகிச்சையை மறுக்க முடியாது. 12 சதவீதத்தை நம்பி லேப்பராஸ்கோப்பியைக் கைவிடவும் முடியாது. எந்தப் பக்கம் விழுந்தாலும் அடுத்து செய்ய வேண்டியது மாறாத ஒரு சோதனைக்கு நெறிமுறையில் இடம் கிடைப்பது கடினம்.

பரவலை முன்கூட்டிச் சொல்வது என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதே நோயில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டோக்கியோவின் இரு பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில், தொடக்க நிலை இரைப்பைப் புற்றுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட 5,265 பேரின் திசுக்களை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு அது. புற்று இரைப்பையின் உட்படலத்தோடு நின்றிருந்தால் நிணநீர் முடிச்சில் பரவல் 2.2 சதவீதம் பேருக்கே இருந்தது. அதற்குக் கீழுள்ள அடுக்கைத் தொட்டுவிட்டால் 17.9 சதவீதம் பேருக்கு இருந்தது. உட்படலத்தோடு நின்ற, மூன்று சென்டிமீட்டருக்கு மிகாத, நன்கு உருவமைந்த அணுக்களைக் கொண்ட கட்டிகள் இருந்த 1,230 பேரில் ஒருவருக்குக்கூடப் பரவல் இல்லை. அதன் அடிப்படையில்தான் அத்தகைய நோயாளிகளுக்கு வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே கட்டியைச் செதுக்கி எடுத்துவிடும் சிகிச்சை வலுப்பெற்றது. ஊடுருவிய ஆழம், கட்டியின் அளவு, அணுக்களின் தன்மை, நிணநீர்க் குழாய்க்குள் புகுந்திருக்கிறதா என்பது ஆகிய இவை கட்டியையே நேரடியாகப் பார்த்துச் சொல்லப்படுபவை. ரத்தத்தின் அழற்சிக் குறியீடோ கட்டிக்கு உடல் காட்டும் எதிர்வினையைத் தொலைவிலிருந்து அளப்பது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாகாது.

இதனால் இக்குறியீடுகள் மீதான ஆய்வே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஸ்கேனும் லேப்பராஸ்கோப்பியும் எளிதில் கிடைக்காத ஊர்களில், யாரைப் பெரிய மருத்துவமனைக்கு முதலில் அனுப்புவது என்று வரிசைப்படுத்த ஒரு மலிவான எண் கைகொடுக்கும். கட்டியின் ஆழம், சி.இ.ஏ., சி.ஏ. 19-9 போன்ற புற்றுக் குறியீடுகள், ஸ்கேன் ஆகியவற்றோடு சேர்த்துக் கணக்கிடும்போது அது கூடுதலாக என்ன சொல்கிறது என்பதுதான் இனி கேட்க வேண்டிய கேள்வி. தனியாக நிறுத்தி, "இதுவும் பரவலோடு தொடர்புடையது" என்று மீண்டும் ஒருமுறை நிறுவும் கட்டுரைகள் போதுமான அளவுக்கு வந்துவிட்டன.

கேள்வி: என் அண்ணன் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார். எனக்கு அடிக்கடி நெஞ்செரிச்சல் வருகிறது. முழு உடல் பரிசோதனையில் இ.எஸ்.ஆர். 45, சி.ஆர்.பி. 9 என்று வந்திருக்கிறது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சி.ஆர்.பி. பார்த்துக்கொண்டே வந்தால் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே பிடித்துவிடலாமா?

— ஒரு வாசகி, சேலம்

பதில்: முடியாது, அம்மா. தொடக்க நிலை இரைப்பைப் புற்றுநோயில், ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகத்தைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டுமே பெரும்பாலும் இயல்பாகத்தான் இருக்கும். மூட்டுவலி, ரத்தசோகை, உடற்பருமன், வயது, ஏதாவது ஒரு தொற்று என்று இவற்றை உயர்த்தும் காரணங்கள் ஏராளம். உயர்ந்தால் வீண் அச்சம், இயல்பாக இருந்தால் வீண் நிம்மதி. இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

உங்களுக்குத் தேவையானவை வேறு இரண்டு. ஒன்று, எண்டோஸ்கோப்பி. நெஞ்செரிச்சலும் குடும்ப வரலாறும் சேர்ந்திருக்கும்போது அதைச் செய்துகொள்ளத் தயங்க வேண்டாம். தென்கொரியாவில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரைப்பைப் பரிசோதனை செய்வது அரசுத் திட்டமாகவே இருக்கிறது. அங்கே நோய் பெரும்பாலும் தொடக்க நிலையில் பிடிபடுவதற்கு அதுவே காரணம். நம் நாட்டில் அப்படியொரு பொதுத் திட்டம் இல்லை. சென்னையில் ஆண்களுக்கு வரும் முக்கியமான புற்றுநோய்களில் இரைப்பைப் புற்று நெடுங்காலமாக இடம்பெற்றிருந்தும் இந்நிலைதான் என்பது வருத்தத்துக்குரியது. ஆகவே உங்களைப் போன்றவர்கள் தாமாகவே கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

மற்றொன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான பரிசோதனை. எண்டோஸ்கோப்பியின்போது எடுக்கும் திசுவிலோ, மூச்சுக்காற்றுச் சோதனையிலோ, மலப் பரிசோதனையிலோ இதைக் கண்டறியலாம். இக்கிருமி இரைப்பையில் உண்டாக்கும் நாள்பட்ட அழற்சிதான் பல பத்தாண்டுகளில் படிப்படியாகப் புற்றில் கொண்டுபோய் விடுகிறது. 1994-இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்துவிட்டது. இந்த அழற்சி இரைப்பைக்குள் நடப்பது. ரத்தப் பரிசோதனையில் அது தலைகாட்டாமலேயே இருக்கக்கூடும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு இரைப்பைப் புற்று இருந்து, தங்களுக்கும் இக்கிருமி இருந்தவர்களை வைத்துக் கொரியாவில் நடந்த ஆய்வொன்று 2020-இல் வெளியானது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், கிருமியை ஒழிக்கும் மருந்து பெற்றவர்களில் 1.2 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும் புற்றுநோய் வந்தது. மருந்துச் சீட்டில் எழுதிய நாள் முழுவதும் மாத்திரைகளை விடாமல் சாப்பிட வேண்டும். முடித்துக் குறைந்தது நான்கு வாரங்கள் கழித்துக் கிருமி போய்விட்டதா என்று மீண்டும் பார்க்க வேண்டும். உங்கள் மற்ற உடன்பிறந்தோருக்கும் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு இரைப்பையில் புற்றுநோய், அறுவைக்கு முன் கீமோதெரபி நடக்கிறது. அல்புமின் குறைவு, அழற்சி அதிகம் என்றார்கள். தினமும் ஆறு முட்டையின் வெள்ளைக்கரு கொடுத்தும் அல்புமின் ஏறவில்லை. அழற்சியைக் குறைத்தால் பரவல் நிற்கும் என்று சிலர் மஞ்சள் மாத்திரையும் ஆஸ்பிரினும் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

— ஒரு வாசகி, மதுரை

பதில்: முட்டையைத் தொடருங்கள், ஆனால் அல்புமின் ஏறவில்லையே என்று உங்களை நீங்களே குறைசொல்லிக்கொள்ளாதீர்கள். அல்புமின் குறைவதற்குச் சாப்பாடு போதாமை மட்டும் காரணமன்று. அழற்சி இருக்கும்போது கல்லீரலே அதன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் உள்ள அல்புமினும் குழாய்களிலிருந்து திசுக்களுக்குக் கசிகிறது. தவிர, அல்புமினின் அரை ஆயுள் ஏறத்தாழ மூன்று வாரங்கள். எனவே ஒரு வார உணவின் பலனை அடுத்த வார அறிக்கையில் எதிர்பார்க்க முடியாது. நீங்கள் பார்க்க வேண்டியது எடை நிற்கிறதா, நடக்கத் தெம்பு இருக்கிறதா என்பதைத்தான். இரைப்பை சுருங்கியவருக்கு மூன்று வேளை முழுச் சாப்பாடு இறங்காது. முட்டை, மீன், தயிர், பருப்பு, நிலக்கடலை, பால் கஞ்சி என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆறேழு வேளையாகக் கொடுங்கள். வெள்ளைக்கரு மட்டும் போதும் என்று மஞ்சள் கருவை எறிய வேண்டாம். இப்போது அவருக்கு ஆற்றலும் தேவை. வாய்வழி போதவில்லையென்றால் குழாய் வழியாக உணவு கொடுப்பதைப் பற்றி மருத்துவர் பேசுவார். அதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். அறுவைக்கு முன் உடலைத் தேற்றுவது அறுவைக்குப் பின் வரும் சிக்கல்களைக் குறைக்கும்.

ஆஸ்பிரினை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. கட்டியுள்ள இரைப்பையில் அது ரத்தக்கசிவை உண்டாக்கும். கீமோதெரபியால் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் ஆபத்து இன்னும் அதிகம். சமையலில் போடும் மஞ்சளால் கேடில்லை. அடர்த்தியாக்கிய மஞ்சள் சத்து மாத்திரைகள் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கின்றன; கீமோதெரபி மருந்துகளின் செயலிலும் குறுக்கிடக்கூடும்.

குறியீட்டைக் குறைத்தால் நோயும் குறையும் என்பது இயல்பாகத் தோன்றும் எண்ணம். அதைப் பெரிய அளவில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மாரடைப்பு வந்தவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேரைக் கொண்டு, அழற்சிப் புரதம் ஒன்றைத் தடுக்கும் கனகினுமாப் என்ற ஊசியைச் சோதித்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. சி.ஆர்.பி. இறங்கியது, எதிர்பாராத விதமாக, ஊசி பெற்றவர்களில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்களும் குறைவாக இருந்தார்கள். பெரும் நம்பிக்கையோடு அதே மருந்தை நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களுக்குச் சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்தபோது ஆயுள் நீளவில்லை. உருவான புற்றுநோயை அழற்சியைத் தணித்து மட்டுமே அடக்கிவிட முடியும் என்பதற்கு இன்றுவரை சான்று இல்லை. உங்கள் கணவரின் அழற்சியைக் குறைக்கும் முதன்மையான மருந்து அவர் பெற்றுவரும் கீமோதெரபிதான்; அதை இடைநிறுத்தாமல் முடிக்க உதவுங்கள்.

கேள்வி: எனக்கு இரைப்பை முழுவதையும் அகற்றிப் பத்து மாதங்கள் ஆகின்றன. நோய் திரும்புகிறதா என்று அறிய மாதந்தோறும் சி.ஆர்.பி.யும் நியூட்ரோஃபில் – லிம்ஃபோசைட் விகிதமும் பார்க்கலாமா? அறுவைக்குப் பின் மருத்துவமனையில் தினமும் சி.ஆர்.பி. எடுத்தார்களே, அது எதற்காக?

— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: மருத்துவமனையில் எடுத்தது வேறு காரணத்துக்காக. எந்தப் பெரிய அறுவைக்குப் பின்னும் சி.ஆர்.பி. இரண்டு நாள் ஏறி, பிறகு இறங்கத் தொடங்கும். இரைப்பையை எடுத்துவிட்டு உணவுக்குழாயைக் குடலோடு இணைத்த தையலில் கசிவு ஏற்பட்டால், மூன்றாம், நான்காம் நாளிலும் அது இறங்காமல் உயர்ந்தே நிற்கும். காய்ச்சலோ வலியோ தெரிவதற்கு முன்பே எச்சரிப்பதால் அங்கே அது மிகப் பயனுள்ள சோதனை. நல்லபடி இறங்கிவிட்டால் கசிவு இருக்க வாய்ப்பு குறைவு என்று துணிந்து உணவைத் தொடங்குவார்கள். அழற்சிக் குறியீட்டை எந்தக் கேள்விக்குக் கேட்டால் தெளிவான பதில் தரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றில்லை.

நோய் திரும்புவதை அறிய மாதந்தோறும் அதைப் பார்ப்பதில் பயனில்லை. கீமோதெரபி நியூட்ரோஃபில்களைக் கொல்கிறது. அவற்றை மீட்கப் போடும் ஊசி பல மடங்கு ஏற்றிவிடுகிறது. இடையில் ஒரு சளிக்காய்ச்சல் வந்தால் போதும், விகிதம் தலைகீழாகிவிடும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் தூக்கத்தை இழப்பீர்கள். மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள்களில் போய் எடையைப் பார்த்து, வயிற்றையும் கழுத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அவர் கேட்கும்போது ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். உணவு இறங்குவதில் புதிதாகத் தடை, வயிறு ஊதல், காரணமில்லாத எடைக் குறைவு, கண்களில் மஞ்சள் ஆகியவற்றில் எது வந்தாலும் குறித்த நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். இரைப்பை முழுவதையும் அகற்றியவர்களால் உணவிலிருந்து வைட்டமின் பி12-ஐ உறிஞ்ச முடியாது. உடலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகளில் தீர்ந்து ரத்தசோகையும் கால் மரத்துப்போதலும் வரும். உங்கள் கடிதத்தில் உள்ள மருந்துப் பட்டியலில் பி12 ஊசி காணப்படவில்லை. அடுத்த முறை செல்லும்போது அதை முதலில் கேளுங்கள்.